இரண்டு பேருக்கான காற்று

சனிக்கிழமை பின்னேரங்களில் என் மோட்டார் சைக்கிளின் பின் டயருக்கு முப்பத்துநாலு இறாத்தல் காற்று அடித்து வைப்பேன். தனியே ஓடுகிறவனுக்கு இருபத்தெட்டு போதும். மிச்ச ஆறும் பின்சீற்றில் ஏறும் சுபாஸ்கரனுக்கு. கால்பம்பில் அந்த ஆறை ஏற்றி முடிப்பதற்குள் அறுபத்தொரு வயதுக்காரனுக்கு நாக்குத் தள்ளிவிடும். என் மனைவி ரேச்சல் குசினி வாசலில் நின்று, "கடையிலை குடுத்தா ஒரு நிமிசத்திலை அடிச்சுத் தருவாங்கள். உங்களுக்கேன் இந்த வேண்டாத வேலை?" என்பாள். வேண்டாத வேலைதான். ஆனாலும் அந்த ஆறையும் நானே மூச்சு வாங்கி அடிக்க வேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம். காரணத்தை அவளுக்குச் சொன்னதில்லை. பதினொரு மாதமாக ஒருவருக்கும் சொல்லாமலே இருந்தேன்.

நாங்கள் நாலு பேர். ஞாயிறு காலை ஆறரைக்கு நல்லூரில் கிளம்பி, அரியாலை, நாவற்குழிப் பாலம், கைதடி, சாவகச்சேரி என்று போய், கொடிகாமத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புகிற கூட்டம். பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியங்கள் என்று ஊரில் பெயர். நான் ஜெபசீலன், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். சுபாஸ்கரன் எனக்கு அடுத்த ஒழுங்கையில் குடியிருப்பவன். வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் வாசித்தே ஆயுளில் பாதியைக் கழித்தவன். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி ஹொண்டா பென்லி. எமில்ராஜ் அரியாலையில் டயர் ஒட்டுக்கடை வைத்திருக்கிறான். கோபிசங்கர் வங்கியில் வேலை. நாற்பது வயது, எங்களுக்குள் குழந்தை.

கொடிகாமம் சந்தைக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் எங்களுக்கென்று ஒரு நீள மர வாங்கு. பேச்சு டயரில் தொடங்கும். கோபிசங்கர் டியூப் இல்லாத டயரின் பெருமையைச் சொல்வான். "ஆணி ஏறினாலும் அஞ்சு நாள் ஓடலாம் அண்ணை, ஒண்டும் தெரியாது."

"அதுதான் பிழை," என்பான் எமில்ராஜ். "ஆணி ஏறினா ஏறின இடத்திலை தெரியவேணும். எங்கடை வீட்டிலையும் அடுப்பு எரியவேணுமெல்லோ."

பிறகு எப்படிச் சுற்றினாலும் யுத்த நாளின் பொருளாதாரத் தடைக்காலத்துக்கு வந்து சேருவோம். குடாநாட்டுக்குள் பெற்றோலும் வராது, டயரும் வராது. ஊசிமருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, நாலு துளி விட்டு உதைத்து, இயந்திரத்துக்கு உயிர் வந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். தெரு முழுக்க வெள்ளைப் புகை. டயர் தேய்ந்து நூல் தெரிந்தால், செத்த டயர் ஒன்றின் ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டு நடுப்பட்டையை உள்ளே வைத்து ஓடினோம். டயருக்குள் டயர். அந்தக் கஷ்டத்தை யாரும் ஆசைப்பட்டு அனுபவிக்கவில்லை. ஆனால் அதைப் பேசுவதில் எங்களுக்குத் தனிக் குஷி. அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த கோபிசங்கர்கூட "எங்கடை காலத்திலை" என்று தொடங்குவான். நாங்கள் மூவரும் சேர்ந்து அவனைப் பிடித்து வாட்டுவோம்.

கடைசியில் கதை சுபாஸ்கரனின் கையில் வந்து நிற்கும். தொண்ணூற்றைந்து ஐப்பசி மழையில், ஆமி வருகிறது என்று வலிகாமமே மூட்டை கட்டித் தென்மராட்சிக்கு நடந்ததே, அன்றைக்கு ரேச்சல் ஏழு மாதக் கர்ப்பிணி. எனக்கு நெருப்புக் காய்ச்சல். என்னைத் தம்பி சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளினான். ரேச்சலை ஏற்றிக்கொண்டு போனவன் சுபாஸ். டயருக்குள் டயர் வைத்த அதே பென்லி. முன்னும் பின்னும் சனம், கீழே சேறு, இருட்டு. ஒரு முழு இரவும் அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் முதல் கியரில் ஊர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தான். ரேச்சல் ஒரு முறைகூட நிலத்தில் கால் ஊன்றவில்லை. அவள் வயிற்றில் இருந்த தாரிகாவுக்கு இப்போது கனடாவில் இரண்டு பிள்ளைகள். "சுபாஸின்ரை கை" என்று ரேச்சல் சொன்னால் அது எங்கள் வீட்டில் கோயில் பேச்சு மாதிரி. யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

அவனுக்குக் கை என்றால் எனக்கு வாய். எங்கள் கூட்டத்தில் எனக்கு "டயர் டொக்டர்" என்று பட்டம். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் அச்சடித்திருப்பார்கள். முதல் இரண்டும் எத்தனையாவது கிழமை, பின் இரண்டும் எந்த வருடம். இரண்டாயிரத்துக்கு முன் செய்த டயர் என்றால் மூன்றே இலக்கம், வருடத்துக்குக் கடைசி ஒன்று மட்டும். டயரின் மேல்வெட்டுப் பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் உள்ளே ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. "மூண்டு இலக்கத்தைக் கண்டா ஒரு கும்பிடு போட்டிட்டு வந்த வழியாலை திரும்புங்கோ" என்பது நான் எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொன்ன பாடம். யாராவது மோட்டார் சைக்கிள் கைமாற்றினால், வண்டியின் திறப்பைக் கொடுப்பதற்கு முன் நான் முழங்காலில் நின்று டயரைத் துடைத்து, இலக்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அது எங்கள் கூட்டத்துச் சட்டம். சட்டத்தைப் போட்டவனும் நானே.

போன வருடம் ஆவணியில் சுன்னாகத்தில் கனகரத்தினத்தாரின் பழைய உதிரிப்பாகக் கடையை மூடினார்கள். அவர் செத்து, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசித் தட்டில், மண்ணிறக் கடதாசி சுற்றியபடி ஒரு முன் டயர். பென்லி புதிதாக வந்திறங்கிய காலத்தில் அதில் பூட்டி வந்த அதே பூ. கடதாசியைக் கிழித்தேன். இலக்கம் நாலு, இரண்டு, ஐந்து. பக்கத்தில் தொண்ணூறுகளைக் காட்டும் சின்ன முக்கோணம். தொண்ணூற்றைந்தின் நாற்பத்திரண்டாவது கிழமை. ஐப்பசி. நாங்கள் ஊரை விட்டு நடந்ததற்கு இரண்டு கிழமைக்கு முன் எங்கோ ஒரு தொழிற்சாலையில் வார்த்த டயர். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால், "மடையா, அது டயர், ஞாபகச் சின்னமில்லை" என்று விழுந்து கடித்திருப்பேன்.

அடுத்த மாதம் சுபாஸுக்கு அறுபது. அவனுக்கு அதுதான் பரிசு என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் அவன் என்னிடம் பாடம் கேட்டவன். முதல் வேலையாக இலக்கத்தைத்தான் தேடுவான். கண்டால் சுவரில் மாட்டி அழகு பார்ப்பானே தவிர ஓட்டமாட்டான். எனக்கோ அது தெருவில் உருள வேண்டும். அதுவும் அவன் வண்டியில், என் கண்ணாடியில் தெரியும்படி உருள வேண்டும். நகத்தால் அமத்திப் பார்த்தேன். பரவாயில்லை, இருட்டில் கிடந்த டயர்தானே என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதினேன். அரத்தாளால் மூன்று இலக்கத்தையும் முக்கோணத்தையும் உரஞ்சி எடுத்து, மேலே டயர் மை பூசினேன். "பழைய பூவிலை புதுசாச் செய்தது மச்சான், ரெண்டாயிரத்துப் பத்தொன்பது" என்று அவனிடம் சொன்னேன். பூட்டும்போது எமில்ராஜ் விரலால் தடவி, "இதென்ன அண்ணை, உரஞ்சின மாதிரிக் கிடக்கு?" என்றான். "பெட்டியிலை தேய்ஞ்சிருக்கும்," என்றேன். டயர் டொக்டர் சொன்னால் மறுபேச்சு ஏது? சுபாஸ் என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் மனைவி குணலட்சுமி பாயசம் தந்தாள். இரண்டு கோப்பை குடித்தேன்.

கார்த்திகை பிறந்து முதல் ஞாயிறு, கைதடி கழிய, மழை தூறிக்கொண்டிருந்தது. நான் முன்னால், அவன் பின்னால். முப்பது வருடமாக அந்த வரிசைதான். ஒரு மாடு குறுக்கே வந்தது. பெரிய அவசரம்கூட இல்லை. நான் விலகிப் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். அவன் மெல்லத்தான் பிறேக் பிடித்தான், எப்போதும் பிடிக்கிற மாதிரி. முன் சில்லு சவர்க்காரத்தில் ஏறியது போல வழுக்கிக்கொண்டு போனது. இடது காலில் இரண்டு இடத்தில் முறிவு.

நான் ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். அவன் முதல் கேட்டது காலைப் பற்றியல்ல. "மச்சான், நான் பிறேக்கைக் கூடுதலாப் பிடிச்சிட்டனோ?" என்றான்.

"ஓம் மச்சான், மழைதானே," என்றேன்.

அந்த ஒரு "ஓம்". அதை அந்த இடத்திலேயே விழுங்கியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே அவன் வலியில் கிடந்தான். மாவுக்கட்டுப் போட்டதும் சொல்லலாம் என்றேன். பிறகு கட்டு வெட்டியதும் என்றேன். நாள் போகப் போக, டயரைப் பற்றிச் சொல்வதைவிட இவ்வளவு நாள் சொல்லாததைச் சொல்வது பெரிய வேலையாகிவிட்டது. ஞாயிறு பத்து மணி ஆராதனையில் சபையார் எல்லோரும் சேர்ந்து பாவத்தை ஒப்புக்கொள்ளும்போது நானும் வாய் நிறையச் சொல்வேன். கூட்டத்தோடு சொல்வது லேசு. யார் என்ன செய்தார் என்று பக்கத்து வாங்குக்காரனுக்குக் கேட்காது.

விழுந்த அன்றைக்கே வண்டியை நான் எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்து திருத்தினேன். புது டயர் வாங்கிப் பூட்டி அவன் வீட்டில் விட்டேன். பழையதைக் கொட்டிலின் தகரக் கூரையில், காற்றுக்குத் தகரம் கிளம்பாமல் வைத்திருந்த மற்ற இரண்டு டயர்களோடு எறிந்தேன். எரித்திருக்கலாம். ஏன் எரிக்கவில்லை என்று எனக்கே தெரியாது.

கட்டு வெட்டிய பிறகும் சுபாஸ் வண்டியைத் தொடவில்லை. "கால் சரி மச்சான். கைதான் போயிட்டுது," என்றான். நல்ல வைத்தியர்கள் எல்லோரும் ஓடலாம் என்று சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் பின்சீற்றில் வரத் தொடங்கினான். "ஜெபா அண்ணையோடை எண்டாப் போங்கோ, வேற ஒருத்தரோடையும் விடமாட்டன்," என்றாளாம் குணலட்சுமி. இதை அவன் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். திரும்பி வந்து எங்கள் கொட்டிலில் இருந்து ரேச்சலின் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். தலைக்கு மேலே அந்த டயர். என் கோப்பை பாதியில் ஆறிக் கிடக்கும்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. பின்னால் இருக்கும்போது அவன் வலது கையை என் தோளில் வைத்திருப்பான். முன்னால் ஒரு லொறி நிற்கப் போகிறது, ஒரு சைக்கிள் திரும்பப் போகிறது என்றால், நான் பிறேக்கைத் தொடுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னம் அவன் விரல்கள் என் தோளை மெல்ல அழுத்தும். அளவாக. நான் பிடிக்க வேண்டிய அளவுக்குச் சரியாக. அவனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கை போகவில்லை. அது போய்விட்டது என்று அவனை நம்பவைத்தவன் நான். ஒவ்வொரு ஞாயிறும் இருபத்தைந்து கிலோமீற்றர் போக, இருபத்தைந்து கிலோமீற்றர் வர, அது என் தோளில் இருந்து எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது.

போன ஞாயிற்றுக்கு வருகிறேன்.

அன்று சுபாஸின் பென்லியும் எங்களோடு வந்தது. ஓட்டியவன் கோபிசங்கர். வண்டியை அவனுக்கே கொடுத்துவிடுவது என்று சுபாஸ் முடிவு பண்ணியிருந்தான். வழமையான வாங்கில், வழமையான தேத்தண்ணியோடு திறப்பு கைமாற வேண்டும் என்பது அவன் ஆசை. எனக்கு இதைச் சனி இரவுதான் தொலைபேசியில் சொன்னான். "முதலே சொன்னா நீ மறிப்பாய்," என்றான். இரவு முழுக்க நித்திரை இல்லை. வண்டி போய்விட்டால் அவன் இனி ஒரு நாளும் ஓடமாட்டான். அறுபத்தொரு வயதில் யாரும் திரும்ப ஒரு பென்லி வாங்கிப் பழகப் போவதில்லை.

கடைக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எல்லோரும் வேண்டுமென்றே அதிகம் பேசினார்கள். எமில்ராஜ், பின்னுக்குக் காரளவு டயர் பூட்டிக்கொண்டு வரும் பெடியங்களைத் திட்டினான். கோபிசங்கர், தான் இந்த வண்டிக்கு மண்ணெண்ணெய் காட்டமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான்.

"காட்டு, காட்டு. அதுக்கும் பழைய ஞாபகம் வரட்டும்," என்றான் சுபாஸ். சிரித்தான். திறப்பை எடுத்து வாங்கில் வைத்தான். அதைக் கோபிசங்கர் எடுக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான்.

"ஜெபா அண்ணை, சட்டம் எண்டாச் சட்டம். வாசியுங்கோ."

எழும்பிப் போய் முன் சில்லுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். பொக்கற்றிலிருந்து லேஞ்சியை எடுத்துத் துடைத்தேன். நான் பூட்டிய டயர்தான், மனப்பாடம். "இருபத்தேழு, இருபத்திநாலு," என்று வாசித்தேன். "போன வருசம் ஆடி மாசம் செய்தது."

"நல்ல புதுசு," என்றான் கோபிசங்கர்.

"முதல் இருந்ததும் நல்ல டயர்தானடா," என்றான் சுபாஸ். "ஜெபா எனக்கு அறுபதுக்குத் தந்தது. அருமையான டயர். டயரிலை ஒரு பிழையுமில்லை. பிழை இதிலை." வலது கையைத் தூக்கிக் காட்டினான். "ரேச்சலை ஏத்திக்கொண்டு பாலம் கடந்த கை. ஒரு மாட்டுக்குப் பிறேக் பிடிக்கத் தெரியேல்லை. இனி இந்தக் கையை நம்பி நான் ஒருத்தரையும் ஏத்தமாட்டன். தனியவும் ஏறமாட்டன்."

எமில்ராஜ் தெருவைப் பார்த்தான்.

நான் எழும்பவில்லை. புது டயரின் அந்த இலக்கத்தில் விரலை வைத்தபடியே, அங்கே இல்லாத இலக்கத்தை வாசித்தேன்.

"நாலு. ரெண்டு. அஞ்சு."

"என்ன அண்ணை?" என்றான் கோபிசங்கர்.

"முதல் டயர். நாலு, ரெண்டு, அஞ்சு."

மூன்று இலக்கம். மூவரும் என்னிடம் பாடம் படித்தவர்கள். ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. எமில்ராஜின் கையில் தேத்தண்ணிக் கோப்பை அப்படியே நின்றது. "உரஞ்சிக் கிடந்ததே, அதுவோ?" என்றான் மெல்ல.

"ஓம். நான்தான் உரஞ்சினனான்." சுபாஸைப் பார்க்காமல் சொன்னால் அது சொன்னதாகாது என்று தோன்றியது. திரும்பினேன். "தொண்ணூற்றைஞ்சு ஐப்பசி மச்சான். நாங்கள் வெளிக்கிட்ட மாசம். அதைக் கண்டு பைத்தியம் பிடிச்சுப்போச்சு எனக்கு. உனக்குச் சொன்னா ஓடமாட்டாய் எண்டு தெரியும். பொய் சொன்னனான். அண்டைக்கு நீ பிறேக்கைக் கூடுதலாப் பிடிக்கேல்லை. நான் கண்ணாடியிலை பாத்தனான். சரியாத்தான் பிடிச்சனீ."

அவன் கோப்பையை வாங்கில் வைத்தான். தெருவில் வாழைக்குலை ஏற்றிய லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டி ஒன்று டக்டக்கென்று போய் முடிந்தது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"வாங்கேக்கையே தெரியும்."

"விழுந்தாப் பிறகு?"

"விழுந்த நிமிசமே தெரியும்."

"நான் உன்ரை மடியிலை கிடந்து கேட்டனான்," என்றான்.

"ஓம்."

"இப்ப எங்கை அது?"

"எங்கடை கொட்டில் கூரையிலை."

அவன் தலையை மெல்ல ஆட்டினான். "அதுக்குக் கீழை இருந்துதானே ஞாயிறு ஞாயிறாத் தேத்தண்ணி குடிச்சனான்."

அடித்திருக்கலாம். கெட்ட வார்த்தையால் திட்டியிருக்கலாம். எனக்கு அது ஒரு உதவியாக இருந்திருக்கும். "உன்ரை கை போகேல்லை சுபாஸ்," என்றேன். "பின்னாலை இருக்கேக்கை என்ரை தோளிலை பிறேக் பிடிக்கிறாய். எனக்கு முதலே பிடிக்கிறாய். அளவாப் பிடிக்கிறாய்."

"அதுவும் இவ்வளவு நாளும் தெரியுமோ உனக்கு?"

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல்களை மடக்கினான், விரித்தான். பிறகு சொன்னான், எனக்கல்ல, கைக்குச் சொல்வது மாதிரி.

"கால் முறிஞ்சது காரியமில்லை. டயர் எண்டா வழுக்கும். அண்டைக்கு அந்தச் சனத்துக்குள்ளை உன்ரை மனுசியைக் கொண்டு வரேக்கை எனக்குப் பயம் வரேல்லை. இந்தப் பதினொரு மாசமும் கடைக்குத் சைக்கிளிலை போகவே பயந்தனான். ராவிலை கிடந்து, எப்பிடிப் பிறேக் பிடிச்சன், எந்த விரல் பிழைச்சது எண்டு யோசிச்சு யோசிச்சு விடியும். நீ வந்து, 'வா மச்சான் போவம்' எண்டு பின்னாலை ஏத்துவாய்."

கோபிசங்கர் வாங்கில் கிடந்த திறப்பை எடுத்துச் சுபாஸின் கையில் வைத்தான். குழந்தை என்று நாங்கள் வாட்டிய அவனுக்கு இருந்த அறிவு எனக்குப் பதினொரு மாதத்தில் வரவில்லை.

சுபாஸ் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். பென்லியை உதைத்து எழுப்ப வலது கால் வேண்டும். பாரம் முழுவதும் இடது காலில் இறங்கும். முறிந்த கால். முதல் உதை பிடிக்கவில்லை. இரண்டாவதில் முகம் சுருங்கியது. நான் ஒரு அடி வைத்தேன். "நில் அங்கை," என்றான். மூன்றாவதில் பிடித்தது. இரட்டை உருளை இயந்திரத்தின் அந்தச் சத்தம், ஒன்றையொன்று துரத்துகிற சத்தம். ஏறினான். பிறேக்கை ஒரு முறை அமத்தி விட்டுப் பார்த்தான். பிறகு கியரைப் போட்டான்.

நாங்கள் மூவரும் தெருவில் நின்று பார்த்தோம். சந்தைச் சனத்துக்குள் ஒரு மனிசி கூடையோடு குறுக்கே வந்தாள். பிறேக் வெளிச்சம் எரிந்தது. மெல்ல, அளவாக, அவளுக்கு மூன்று முழத்துக்கு முன்னால் வண்டி நின்றது. அவள் போனதும் திரும்ப எடுத்தான். வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றோம். என்னைத் திரும்பிப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை.

"அண்ணை, நான் எமிலண்ணையோடை வாறன்," என்றான் கோபிசங்கர். என் பின்சீற்று காலியாக இருந்தது. அவன் எமில்ராஜின் வண்டியில் ஏறினான்.

தனியே வந்தேன். பின் டயரில் இரண்டு பேருக்கான காற்று. ஆள் இல்லாமல் அந்தக் காற்றோடு ஓடினால் டயர் கல்லு மாதிரி நிற்கும். ஒவ்வொரு சின்னக் குழியும் நேரே முதுகெலும்பில் வந்து அடிக்கும். கைதடியில் அடித்தது. நாவற்குழிப் பாலத்து இணைப்புகளில் ஒவ்வொன்றாக அடித்தது. அரியாலையில் நிறுத்தி, வால்வில் ஒரு குச்சியை வைத்து அமத்தினால் அரை நிமிடத்தில் காற்று இறங்கிவிடும். நான் நிறுத்தவில்லை.

வீட்டில் ரேச்சல் கொட்டிலுக்குள் இரண்டு கோப்பையோடு வந்து நின்றாள். "சுபாஸ் எங்கை?" என்றாள். அவளுக்கும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது லேசாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி இருக்கவில்லை. அவள் கடைசி வரைக்கும் நின்று கேட்டாள். கூரையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அன்று நான் ஆராதனைக்குப் போகவில்லை. ஏணி வைத்து ஏறி அந்த டயரை இறக்கி, வாசலில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்டால் சொல்கிறேன்.

சுபாஸ் ஓடுகிறான். விடிய ஐந்தரைக்கு அடுத்த ஒழுங்கையில் அவன் பென்லியை உதைக்கும் சத்தம் கேட்கிறது. நேற்று ஒரே உதையில் பிடித்தது. சத்தம் எங்கள் வாசலுக்கு வராமல் மற்றப் பக்கமாகப் போகிறது. அவன் ஓடுகிறானே, அது போதும் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. போதவில்லை.

இன்று சனிக்கிழமை. பின்னேரம் கால்பம்பை எடுத்து வைத்தேன். ரேச்சல் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள். இருபத்தெட்டில் நிறுத்தியிருக்கலாம். மூச்சு வாங்கி வாங்கி முப்பத்துநாலு வரைக்கும் அடித்தேன்.